ஒரு முழம் தள்ளி நின்றவர்

எங்கள் நாய் அவருடைய கோழியைக் கொன்ற அன்றுதான் அவரோடு முதன்முதலாகக் கதைத்தேன். அதற்கு முன் நாலு மாதமாக அவர் பக்கத்து வளவில் குடியிருந்தார். காலையில் பழைய இரும்பு வாங்கச் சைக்கிளில் போவார், பின்னேரம் திரும்பி வருவார். மதிலுக்கு மேலால் தலை தெரிந்தால் இரண்டு பேரும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் அரியாலையில் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி, நானா என்றார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை. முற்றத்தில் மகள் கத்தின சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்தேன். ஆளுயர மதிலை ஒரே பாய்ச்சலில் தாண்டி எங்கள் சிப்பி உள்ளே குதித்தது. வாயில் வெள்ளைக் கோழி. அதைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு, வாலைத் தாழ்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது.

என் கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் வீட்டில் நிற்பார். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"போயும் போயும் அந்த மனுசன்ரை கோழியோ கிடைச்சது?" என்றார். "முப்பது வருசம் கழிச்சு ஊருக்குத் திரும்பி வந்த ஆள். நாங்கள் வேணுமெண்டு விட்டதெண்டு நினைச்சிட்டார் எண்டால்?"

கோழியை ஒரு பேசனில் வைத்து இரண்டு பேருமாக அவருடைய படலைக்குப் போனோம். நானா வெளியே வந்து, குனிந்து, கோழியின் கழுத்தைப் பார்த்தார்.

"ஒரே கடி," என்றார்.

"பொறுத்துக்கொள்ளுங்கோ நானா. வேறை கோழி வாங்கித் தாறம்," என்றார் என் கணவர்.

"அது கிடக்கட்டும். உவவை ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஓட விடுறனியள்?"

"ஓட விடுறதோ? வளவுக்குள்ளைதானே நிக்கிறது."

"அப்ப உவவிலை பிழை இல்லை," என்று சொல்லிவிட்டு நானா கோழியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

யாரில் பிழை என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்த 'உவ' என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஒழுங்கையில் அந்த நாயை யாரும் அதுவரை மரியாதையாகச் சொன்னதில்லை. நான்கூட.

சிப்பியை நாங்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. அதற்கு முந்தின வருடம் எங்கள் பக்கம் கள்ளர் பயம். வார நாளில் நானும் மகளும் தனிய என்பதால் என் கணவரோடு வேலை செய்கிற ஒருவர் ஒரு குட்டி கொண்டுவந்து தந்தார். தமிழ்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த சிப்பிப்பாறை நாயின் வழியாம். முயல் வேட்டைக்குப் போகிற சாதி, கள்ளன் மதில் பக்கமும் வரமாட்டான் என்றார். சிப்பிப்பாறை என்ற நீளப் பெயரை மகள் சிப்பி என்று குறுக்கினாள்.

ஒரு வருடத்தில் அது காலும் கழுத்துமாக வளர்ந்தது. விலா எலும்பு தெரிந்தது. "என்ன ரீச்சர், நாய்க்குச் சாப்பாடு போடுறேல்லையோ?" என்று முன்வீட்டுக்காரி கேட்டதிலிருந்து வெட்கத்தில் கோப்பை நிறையச் சோறும் கருவாடும் குழைத்து வைப்பேன். நாலு வாய் தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். குரைக்காது. மின்சார மீற்றர் பார்க்க வருகிறவர் வந்து எழுதிவிட்டுப் போகும்வரை செற்றியில் மல்லாந்து கிடந்தபடி ஒரு கண்ணால் பார்த்திருக்கும். மார்கழி மழைக்கு நடுங்கும், மகளின் பழைய சுவெற்றரைப் போட்டுவிட்டால்தான் நித்திரை. ஒரு நாள் என் செருப்பைக் கடித்ததற்கு உரத்துப் பேசிவிட்டேன். இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வரவில்லை. கள்ளன் வந்தால் செற்றியில் இடம் விட்டுக்கொடுக்கும் என்று என் கணவர் சிரிப்பார். உதவாத நாய் என்று நானும் முடிவு கட்டியிருந்தேன்.

கோழி செத்த மறுநாள் பின்னேரம் நானா எங்கள் படலையில் நின்றார். உள்ளே வரவில்லை. சைக்கிளின் முன்சில்லு வீதியைப் பார்த்தபடி இருந்தது.

"ரீச்சர், உவவை வெளிக்குக் கொண்டு போவம். நானும் வாறன்."

அரியாலைக்குப் பின்னால் கடலேரி, வெயில் காலத்தில் வற்றி இறுகிய வெளியாகக் கிடக்கும். அங்கே போய்ச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். சிப்பி ஒரு நிமிடம் நின்று தூரத்தைப் பார்த்தது. பிறகு போனது. ஓடியது என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு காலும் நிலத்தில் படாத மாதிரி இருந்தது. கண் மூடித் திறக்கமுதல் அது ஒரு புள்ளி. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "சிப்பீ, சிப்பீ" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"கூப்பிடாதேங்கோ ரீச்சர்," என்றார் நானா. "உவை கண்ணாலை வேட்டையாடுற சாதி. கண் ஓட வெளிக்கிட்டால் காது கேக்காது. நிண்ட இடத்திலை நில்லுங்கோ. உவ திரும்பிப் பாக்கேக்கை நீங்கள் அதே இடத்திலை நிக்கோணும். அது காணும்."

நின்றேன். புள்ளி ஒரு பெரிய வட்டம் அடித்து, வளர்ந்து, எங்கள் முன்னால் வந்து நின்றது. நாக்கு வெளியே தொங்க, விலா ஏறி இறங்க, கண்ணில் நான் அதுவரை காணாத ஒரு வெளிச்சம். ஒன்றரை வருடம் வீட்டில் வைத்திருந்த நாயை அன்றுதான் பார்த்தேன் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு மழை இல்லாத ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்கு நானும் மகளும் நானாவும் நாயும் வெளிக்குப் போவோம். இந்தச் சாதியை எங்கே பழகினீர்கள் என்று கேட்டதற்கு, "புத்தளத்திலை தென்னந்தோட்டம் ஒண்டிலை எட்டு வருசம் காவல்," என்றார். "முதலாளியின்ரை வேட்டைநாய் ரெண்டு எனக்குத் துணை. நான் ஒரு பக்கம் இருப்பன், அதுகள் ஒரு பக்கம் இருக்கும். பாத்துக்கொண்டே இருந்தால் எல்லாம் விளங்கும்."

அவருக்கு விளங்கியது. எட்ட நின்றபடியே, "இண்டைக்கு உவவுக்குப் பின்னங்கால் சரியில்லை," என்பார். வீட்டில் வந்து பார்த்தால் பாதத்தில் முள் இருக்கும். விலா எலும்பைப் பற்றிக் கவலைப்பட்டபோது, "மூண்டு எலும்பு தெரியோணும். தெரியாட்டித்தான் வருத்தம்," என்றார். சோற்றைக் குறைத்து இறைச்சியைக் கூட்டச் சொன்னார். குரைக்காத நாய் என்று நான் குறைப்பட்டதற்கு, "தேவையில்லாமல் கதைக்காத பிள்ளையை வகுப்பிலை குறை சொல்லுவியளோ?" என்று கேட்டார்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் அதை ஒரு தரமும் தொடவில்லை. நாய்க்கும் அவருக்கும் இடையில் எப்போதும் ஒரு முழம் இருந்தது. அது கிட்டப் போனால் அவர் ஒரு எட்டுப் பின்னுக்கு வைப்பார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"ஒருக்காத் தடவிப் பாருங்கோ நானா, பட்டு மாதிரி இருக்கும்," என்று மகள் ஒரு நாள் கேட்டாள்.

"தெரியும் பிள்ளை," என்றார். கை பின்னாலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளைக் கண்டித்தேன். "அவையின்ரை மார்க்கத்திலை நாயைத் தொடுறேல்லை. இனி உப்பிடிக் கேக்காதை," என்றேன். அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு இருக்கிற உறுதியோடு சொன்னேன்.

ஆனால் அந்த ஒரு முழம் நாயோடு மட்டும் நிற்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தால் படலையில் நின்றே குடிப்பார். உள்ளே வந்து இருங்கோ என்றால், "நேரம் போட்டுது ரீச்சர்," என்பார். கோவிலடியில் ஊர்ச் சனம் கூடி நின்று கதைத்தால் அவரும் நிற்பார், ஒரு ஓரமாக, சைக்கிளில் கை வைத்தபடி. சில நாளில் எனக்கு அது உறுத்தும்.

தொண்ணூறாம் ஆண்டு எனக்குப் பதினொரு வயது. எங்கள் தமிழ் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்ன வருடம். வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் அதற்குப் பிறகு வரவில்லை. அவள் எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா அப்பாவும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறகு அந்தக் கதிரையில் வேறு யாரோ இருந்தார்கள்.

ஒரு பின்னேரம் மகள் ரியூசனுக்குப் போயிருந்தாள். வெளியில் நானும் நானாவும் மட்டும். சிப்பி தூரத்தில் கொக்குகளை எழுப்பிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"நானா, உங்களுக்கு எங்களிலை கோவம் இல்லையோ?"

அவர் நாயைப் பார்த்தபடியே சொன்னார்.

"கோவம் இருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டன் ரீச்சர். பயம் இருக்கு. அது வேறை, இது வேறை. பயம் இருக்கிறவன் கொஞ்சம் தள்ளித்தான் நிப்பான்."

"இப்ப ஆருக்குப் பயப்பிடோணும்?"

"ஆருக்குமெண்டு இல்லை. ரவுணிலை எங்கடை வீடு நாலு சுவராக் கிடக்கு. அதைத் திருத்த வேணும். திருத்தினாலும் மனுசியும் மக்களும் வருவினமோ தெரியாது. அவைக்கு இப்ப புத்தளம்தான் ஊர். நான் மட்டும் ரெண்டு பக்கமும் இல்லாமல் நிக்கிறன்."

அன்று இரவு மகளிடம் சொன்னேன், நானா தள்ளி நிற்பது மார்க்கத்தால் மட்டுமில்லை, பயத்தாலும்தான் என்று. முழுதாக விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

ஆவணி மாதக் கடைசி. வெளியின் அந்தத் தொங்கலில், பற்றைக்குள் கிடந்த பழைய முள்ளுக்கம்பியை நாங்கள் யாரும் கண்டிருக்கவில்லை. முயலோ கீரியோ ஒன்று குறுக்கே ஓட, சிப்பி அதன் பின்னால் பற்றைக்குள் பாய்ந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் திரும்பி வந்தது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. எங்கள் முன்னால் வந்து நின்றபோதுதான் கண்டோம். நெஞ்சிலிருந்து வயிறு வரை தோல் துணிபோலக் கிழிந்து தொங்கியது. இந்தச் சாதிக்குத் தோல் அவ்வளவு மெல்லிசு.

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். நானாவின் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. அவர் சேட்டைக் கழற்றி, முழந்தாளிட்டு, அதைச் சிப்பியின் உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு இரண்டு கையையும் நீட்டி ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் முன்னுக்கு வருவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் அசையவில்லை. அவர் நாயை அள்ளித் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

றோட்டுக்கு அரை மைல் இருக்கும். அவர் ஓடவில்லை, குலுங்கக் கூடாது என்று வேகமாக நடந்தார். பெனியன் முழுக்க இரத்தம். சிப்பி தலையை அவருடைய தோளில் போட்டிருந்தது. வந்த ஓட்டோவை மறித்தோம்.

"ஐயோ அண்ணை, சீற் பழுதாப்போம்," என்றான் ஓட்டோக்காரன்.

"சீற்றிலை வைக்கேல்லை தம்பி. என்ரை மடியிலை," என்று சொல்லி நானா ஏறி இருந்துவிட்டார்.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். தன் வீட்டு முன்னறையில் வைத்துப் பார்ப்பவர். மேசையில் கிடத்தியதும் மயக்க ஊசியை எடுத்தார். கதவடிக்குப் போயிருந்த நானா அங்கிருந்தே, "டொக்டர், மன்னிக்கோணும்," என்றார். "உடம்பிலை கொழுப்பு இல்லாத சாதி. ஊசியைக் குறைச்சுப் போடுங்கோ. நான் காவல் இருந்த தோட்டத்திலை ஒரு நாய் ஊசி போட்ட பிறகு எழும்பவே இல்லை."

வைத்தியர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஓம் ஐயா, உந்தச் சாதிக்கு மருந்தையும் பாத்துத்தான் எடுக்கோணும். சொன்னது நல்லதாப் போச்சு," என்று கையில் இருந்ததை வைத்துவிட்டு அலுமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தார். தைத்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. எத்தனை தையல் என்று எண்ணுகிற தெம்பு மகளுக்கு மட்டும் இருந்தது. முப்பத்தொன்று. சிப்பி கண் திறந்து தலையைத் தூக்கும்வரை நானா கதிரையில் இருக்கவே இல்லை, கதவடியில் நின்றுகொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் தடவையாக எங்கள் படலையைத் தாண்டி உள்ளே வந்தார். சிப்பியை விறாந்தையில் கிடத்திவிட்டு, "ரீச்சர், கழுவக் கொஞ்சம் தண்ணி வேணும். ஒரு பிடி மண்ணும் வேணும், செருப்பு மிதிக்காத இடத்திலை எடுத்தது," என்றார்.

மகள் வாழையடியில் கிண்டி எடுத்து வந்தாள். நானா கிணற்றடியில் குந்தியிருந்து கையையும் நெஞ்சையும் கழுவினார். மகள் அள்ளி ஊற்றினாள். ஏழு தரம். அதில் ஒரு தரம் மண்ணைக் குழைத்துப் பூசிக் கழுவினார். அவசரமும் இல்லை, அருவருப்பும் இல்லை. வேலை முடிந்து வந்தவர் கை கழுவுவது போலத்தான்.

"எங்களாலை உங்களுக்குப் பிழையாப் போச்சு, என்ன நானா?" என்றாள் மகள், அழுகிற குரலில்.

"இதிலை என்ன பிழை பிள்ளை? தொட்டால் கழுவோணும். அவ்வளவுதான் சட்டம். கழுவத் தண்ணி இருக்குத்தானே."

என் கணவரின் சேட்டு ஒன்றைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் பழையபடி படலைக்கு வெளியே நின்றார். சிப்பி தையலோடு மெல்ல நடந்து போய் அவருக்கு முன்னால் இருந்தது. கால் மடித்து, சரியாக ஒரு முழம் தள்ளி. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் குழம்பியது. மார்க்கம் என்றால், கழுவினால் சரி என்று அவரே சொல்லிவிட்டார். பயம் என்றால், நாய்க்குப் பயப்பட என்ன இருக்கிறது? அப்படியானால் அந்த ஒரு முழம் எதற்கு?

அடுத்த வருடம் அவர் புத்தளத்துக்கே திரும்பிவிட்டார். ரவுண் வீட்டின் நாலு சுவரும் மழைக்கு மூன்றாகியிருந்தன. மகன்மார் வந்து, இனித் தனிய இருக்க வேண்டாம் என்று கூட்டிப்போனார்கள். போகிற அன்று, "தழும்பிலை தேங்காயெண்ணெய் பூசி விடுங்கோ, இல்லாட்டி இறுகும்," என்றதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. மாதம் ஒரு தரம் போன் எடுப்பார். எங்களைச் சுகம் கேட்பது ஒரு சொல்லில் முடிந்துவிடும். "உவ எப்பிடி?" என்பதற்குத்தான் நான் விவரமாகப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் அவருடைய இலக்கத்திலிருந்து மகன் கதைத்தார். வாப்பா மௌத்தாகி மூன்று கிழமை என்றார். நானா இறந்த செய்தி எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

பள்ளிக்கூட விடுமுறைக்கு நாங்கள் புத்தளம் போனோம். சிப்பியை முன்வீட்டில் விட்டுவிட்டு. அவருடைய மனைவி, கணவனை இழந்தவர்கள் பிற ஆண்கள் முன் வராத இத்தாவில் இருந்தபடியால் என் கணவர் வெளி விறாந்தையில் மகன்மாரோடு இருந்துகொண்டார். நானும் மகளும் உள்ளே போனோம். மெலிந்த, அமைதியான மனுசி. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தும் அவவின் கதை எங்கள் ஊர்க் கதையாகவே இருந்தது.

"நாய் சுகமோ?" என்றுதான் முதலில் கேட்டா. "உங்கடை நாயைப் பற்றித்தான் எந்த நேரமும் கதை. ஓடுற ஓட்டத்தைச் சொல்லுவார், பேரப்பிள்ளையள் சுத்திவர இருந்து கேக்குங்கள்."

"அதைக் காப்பாற்றினதே நானாதான் அக்கா," என்றேன்.

அவவுக்கு அந்தக் கதை தெரியாது. அவர் சொல்லியிருக்கவில்லை. முள்ளுக்கம்பியில் கிழிந்ததைச் சொன்னேன். சேட்டைக் கழற்றிக் கட்டினதைச் சொன்னேன். தூக்கிக்கொண்டு நடந்தார் என்று சொன்னதும் அவ என்னை நிறுத்தினா.

"தூக்கினவரோ?"

"ஓம் அக்கா. றோட்டு மட்டும்."

"அவரோ? ரெண்டு கையாலையுமோ?"

"ரெண்டு கையாலையும். பிறகு ஓட்டோவிலை மடியிலை வைச்சிருந்தவர்."

நாயைத் தூக்கினது அவவுக்குப் பிடிக்கவில்லையோ என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. "வந்து வடிவாக் கழுவினவர், மண்ணும் போட்டு," என்றேன்.

"அதில்லை தங்கச்சி," என்றா. "எங்களுக்கு முதல் பிறந்தது பொம்பிளைப் பிள்ளை. ஊரைவிட்டு வரேக்கை ஒண்டரை வயசு. நடந்தும் லொறியிலையும் வந்து, இஞ்சை காம்பிலை இருக்கேக்கை காய்ச்சல். நெருப்பாக் கொதிச்சுது. அவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினவர். போய்ச் சேரமுதல் முடிஞ்சுது. அவற்றை கையிலை வைச்சுத்தான்."

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குப் பிறகு அவர் ஒரு உயிரையும் தூக்கேல்லை தங்கச்சி. இந்த ரெண்டு மகன்மாரையும் தூக்கேல்லை. பேரப்பிள்ளையளையும் தூக்கேல்லை. சாப்பாடு தீத்துவார், கதை சொல்லுவார், பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போவார். தூக்கச் சொன்னால் மட்டும் கையைப் பின்னாலை கட்டிப்போடுவார். பிள்ளையளுக்குக் கோவம், வாப்பாவுக்கு எங்களிலை பாசமில்லையெண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது?"

வெளியே மகன்மார் என் கணவரோடு கதைக்கிற சத்தம் கேட்டது. அவ எழும்பிப் போய் இடைக்கதவைக் கொஞ்சம் திறந்து, மறைவில் நின்றபடி மகன்மாரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. வந்து கதவடியில் இருங்கோ, வாப்பாவைப் பற்றி ரீச்சர் ஒரு கதை சொல்லப் போறா என்றா. இரண்டு ஆம்பிளைகளும் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நிலத்தில் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் ஒரு சின்னக் குழந்தை.

அவ திரும்பி வந்து எனக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படியாகக் கேட்டா.

"தூக்கேக்கை கை நடுங்கினதோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வெளி, இரத்தம், அவர் நீட்டிய இரண்டு கை.

"இல்லை அக்கா," என்றேன். "நடுங்கேல்லை."

அவ தலையாட்டினா. "அப்ப முதலிலை இருந்து சொல்லுங்கோ," என்றா.